மகளை வேலையை விடச் சொல்வதற்கு முன்

வணக்கம் அம்மா. நுங்கம்பாக்கத்தில் ரயில் ஏறி தாம்பரம் வந்து சேரும்வரை மகள் அழுதுகொண்டே வருகிறாள், நர்ஸ் வேலையே வேண்டாம் என்கிறாள் என்று சொன்னீர்கள். நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், வேலையில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. இப்போதைக்கு விடச் சொல்லாதீர்கள்.

இன்சுலின் போடும்முன் சந்தேகம் கேட்டு, நோயாளி எதிரிலேயே சீனியரிடம் திட்டு வாங்கினாளே, அதில் அவள் தவறு எதுவும் இல்லை. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 10 அல்ல, 25 யூனிட். சர்க்கரை மடமடவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த இடத்தில் கையை நிறுத்திக் கேட்டாள் பாருங்கள், அவள் நல்ல நர்ஸாக வருவாள் என்று நான் நம்புவது அதனால்தான். இதை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள்.

கல்லூரியில் படித்ததும் வார்டில் நடப்பதும் வேறாக இருக்க, புதிய நர்ஸுகள் ஆடிப்போவதை அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்கு மட்டும் வந்ததல்ல இது.

சரி, என்ன செய்யலாம்? "மூன்று மாதத்துக்கு ஒரே சீனியரோடு டியூட்டி போடுங்கள் மேடம்" என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் அவளே கேட்கட்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டாம். தினமும் வேறு வேறு ஆளிடம் கற்றுக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். கேட்ட பிறகும் ஐ.சி.யூ.வில் துணைக்கு ஆளில்லாமல் அவளை நைட் டியூட்டியில் தனியே விடுகிறார்கள் என்றால் மட்டும் வேறு இடம் பார்க்கலாம்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அவள் இன்னும் கொடுக்கவில்லை என்றால், சரிபார்க்கக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுக்கட்டும். நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றும் அவள் கையிலேயே இருக்கட்டும், நாளைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேண்டும்.

அப்புறம், வீட்டில் உங்கள் பங்கு. நைட் டியூட்டி முடிந்து வந்ததும் எதையும் விசாரிக்காதீர்கள். இரண்டு இட்லி கொடுத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, தூங்க விடுங்கள். அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இழுக்க வேண்டாம்.

அடுத்த வாரம் அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள், தூங்கி எழுந்த பிறகு.