வாசகர் கேள்விகள்: ஆறாவது நாற்காலி

கே: பசிபிக் தீவு நாடுகளின் பெண் எம்.பி.க்கள் ஒன்றுகூடிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று படித்தேன். ஜெயித்து வந்த பிறகு என்ன பயிற்சி?
- வாசகி, திண்டுக்கல்

ப: வனுவாட்டு நாடாளுமன்றத்தில் 52 இடங்கள். 2022 தேர்தலில் ஜெயித்த பெண் குளோரியா ஜூலியா கிங் ஒருவர்தான். பப்புவா நியூ கினியாவில் 2017-ல் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை, 2022-ல் 118 இடங்களுக்கு இரண்டு பேர். இப்படி ஒரு சபைக்குள் தனியாகப் போய் உட்காருகிறவர், மசோதாவுக்குத் திருத்தம் எப்படிக் கொடுப்பது, எந்தக் குழுவில் இடம் கேட்பது, பேச்சை நடுவில் மறித்தால் எந்த விதியைக் காட்டி எழுந்திருப்பது என்று யாரிடம் கேட்பார்? ஆண்களுக்கு மூத்தவர்கள் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார்கள். இவருக்குக் கடல் தாண்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலிய மாநிலச் சபைகளைத் தீவு நாட்டுச் சபைகளோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸுக்கு சாலமன் தீவுகளும், பப்புவா நியூ கினியாவின் தன்னாட்சிப் பகுதியான பூகன்வில்லும். தேர்தலில் நிற்க யோசிக்கும் பெண்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஒத்திகை நாடாளுமன்றமே நடத்துகிறது. சபாநாயகர், மசோதா, கேள்வி நேரம் எல்லாம் நிஜம் போலவே. ஒரு தடவை எழுந்து பேசிவிட்டால் அந்த மண்டபத்தின் மீதான பயம் பாதி போய்விடும்.

கே: இட ஒதுக்கீடு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?
- வாசகர், ஈரோடு

ப: ஒதுக்கீடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சமோவாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே தேர்தலில் நிற்க 'மாத்தாய்' என்ற குடும்பத் தலைவர் பட்டம் வேண்டும். பட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சில கிராமங்களில் பெண்ணுக்கு அதைக் கொடுப்பதே இல்லை. அதனால் 2013-ல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சபையில் 10 சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும், குறைந்தால் தோற்ற பெண்களில் முன்னணியில் இருப்பவருக்குக் கூடுதல் இடம் என்று கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு. அப்புறம் 2021 ஏப்ரல் தேர்தல் வந்தது. 51 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 25, ஃபியாமே நவோமி மத்தாஃபாவின் புதுக் கட்சிக்கு 25, ஒருவர் சுயேச்சை. ஜெயித்த பெண்கள் ஐந்து பேர். 51-ல் 10 சதவீதம் 5.1 ஆகிறது, ஐந்து போதாது, ஆறு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஆளுங்கட்சிப் பெண் ஒருவருக்கு ஆறாவது இடத்தை அறிவித்துவிட்டார்கள்! மறுநாள் சுயேச்சை ஃபியாமே பக்கம் வந்தும் 26-க்கு 26. பெண்களுக்காக வந்த சட்டமே நாட்டின் முதல் பெண் பிரதமருக்கு முட்டுக்கட்டை ஆனது, எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. மே 24-ம் தேதி ஃபியாமே வந்து பார்த்தால் நாடாளுமன்றக் கதவு பூட்டியிருக்கிறது. வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு அங்கேயே பதவியேற்றார்கள். அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல ஜூலை 23 ஆனது. பத்து சதவீதம் என்றால் ஆறு பேர்தான், ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பிறகே எண்ண வேண்டும் என்பதும் அந்த வழக்குகளில்தான் தெளிவானது. ஒதுக்கீட்டுச் சட்டம் எழுதப் போகிற அக்கம்பக்கத்துத் தீவுப் பெண்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்: எத்தனை பேர், எந்த நாளில் எண்ணுவது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பூகன்வில்லில் மூன்று தொகுதிகள் பெண்களுக்கே என்று நேராக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை.

கே: உலகின் முதல் பெண் பிரதமரும் தீவுக்காரர்தானே?
- வாசகி, யாழ்ப்பாணம்

ப: ஆமாம், சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960. (அவர் ஆட்சியில் தமிழர்கள் பட்ட பாடு தனியாகப் பேச வேண்டியது.) ஆனால் உச்சியில் ஒரு பெண் இருந்ததால் கீழே கதவு திறந்துவிடவில்லை. உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் என்ற சட்டத்தோடு தேர்தல் நடந்தது 2018-ல்தான்.

கே: ஒரு தடவை பதவி போனால் பெண்கள் திரும்பி வருவது கஷ்டமாமே?
- வாசகி, சேலம்

ப: கஷ்டம்தான். ஆனால் மார்ஷல் தீவுகளின் ஹில்டா ஹைனைப் பாருங்கள். 2016-ல் அதிபரானார், 2018-ல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 16-க்கு 16 என்று நின்றதால் தப்பினார், 2020-ல் பதவி போனது. அரசியலுக்கு வருவதற்கு முன்பே தீவுகளின் பெண்கள் அமைப்புகளை ஒன்று சேர்த்தவர் அவர், தோற்ற பிறகும் விலகிப் போகவில்லை. 2024 ஜனவரியில் 33 பேர் சபை அவரை மறுபடி அதிபராக்கியது, 17-க்கு 16 என்ற கணக்கில்.