விபி6 (விஷுவல் பேசிக் 6) ஃபோர்மைத் திறந்தால் லிஸ்ட்வியூ (பட்டியல் காட்டும் பகுதி) இருந்த இடத்தில் வெறும் பிக்சர்பொக்ஸ் நிற்கிறது. எக்ஸி (கொம்பைல் பண்ணிய புரோகிராம்) மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஏன்?

முதலில் சேவ் பண்ணாமல் மூடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

திருகோணமலையில் நான் பார்த்துக்கொடுக்கும் கடைகள் சிலவற்றில் இன்னும் விபி6 பில் புரோகிராம்தான். "நல்லாத்தானே ஓடுது, ஒரு வரியை மட்டும் மாத்தித் தாங்கோ" என்பார் முதலாளி. அந்த ஒரு வரிக்காகப் புதுக் கணினியில் ஃபோர்மைத் திறக்கும்போதுதான் இந்தக் கூத்து.

லிஸ்ட்வியூ போன்ற ஒரு கொன்ட்ரோலை ஏற்ற முடியாவிட்டால் விபி6 அந்த இடத்தில் பிக்சர்பொக்ஸை வைத்துவிடும். அப்படியே சேவ் பண்ணினால் ஃபோர்ம் இருக்கும் .எஃப்ஆர்எம் கோப்பிலும் அதுவே பதிந்துவிடும். லிஸ்ட்வியூவின் கொலம் தலைப்புகள், அகலங்கள் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே சேவ் பண்ணியிருந்தால் பழைய பிரதியைத் தேடி எடுப்பதே நல்லது. நோட்பேடில் பிக்சர்பொக்ஸ் என்று மாறிய வரியைக் கையால் திருத்தலாம், ஆனால் தலைப்புகளைத் திரும்பவும் போட வேண்டிவரும்.

ஃபோர்ம் கோப்புக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு .லொக் கோப்பு விழுந்திருக்கும். எந்த கொன்ட்ரோல் ஏறவில்லை என்று அதில் இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

லிஸ்ட்வியூ என்றால் சந்தேகம் அந்த கொன்ட்ரோல் இருக்கும் எம்எஸ்கொம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் கோப்பின் மேல்தான். புரொஜெக்ட் கோப்பான .விபிபி, .எஃப்ஆர்எம் இரண்டையும் நோட்பேடில் திறந்து, 'ஒப்ஜெக்ட்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். நீண்ட அடையாள எண்ணுக்குப் பிறகு #2.0#0 அல்லது #2.2#0 என்பதுபோலப் பதிப்பு எண் வரும். 2012 ஏப்ரலில் வந்த பாதுகாப்பு அப்டேட் இந்த ஓசிஎக்ஸ் கோப்பை மாற்றியதில் பலருடைய புரொஜெக்ட் குழம்பியது. புரொஜெக்ட் 2.2 கேட்க, கணினியில் 2.0 மட்டும் இருந்தால் ஏறாது. புதியதைப் போடுங்கள், முடியாவிட்டால் எல்லாக் கோப்பிலும் எண்ணை ஒன்றாக்குங்கள்.

ஓசிஎக்ஸை விண்டோஸில் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது 32 பிட் கோப்பு. 64 பிட் விண்டோஸில் அது இருக்கவேண்டிய இடம் சிஸ்வவ்64. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், சிஸ்டம்32இல் இருப்பவைதான் 64 பிட். பதிவு செய்யும் கருவியான ரெக்எஸ்விஆர்32இல் சிஸ்வவ்64இல் உள்ளதையே அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.

எண்ணும் சரி, பதிவும் சரி, ஆனாலும் விபி6இல் ஃபோர்மைத் திறந்து திருத்தும் டிசைனர், லைசென்ஸ் இல்லை என்கிறதா? எக்ஸிக்குள் ஓடுவதற்கான அனுமதி கொம்பைல் பண்ணும்போதே சேர்ந்துவிடும். டிசைனருக்கு வேறு அனுமதி, அது விபி6ஐ முறையாக நிறுவினால்தான் வரும். உங்கள் எக்ஸி ஓடுவதற்கும் ஃபோர்ம் திறக்காததற்கும் இதுவும் காரணமாக இருக்கலாம். கண்ட இடத்தில் ஓசிஎக்ஸை இறக்கிப் போடுவது இதைத் தீர்க்காது, வைரஸ்தான் மிஞ்சும்.

லொக்கில் இருக்கும் வரியை அப்படியே கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.