லெட்யூஸ் தண்டு நீண்டு கசக்கிறதா?

வணக்கம். ஐந்து வாரத்துச் செடி திடீரென்று நடுத்தண்டை நீட்டிக்கொண்டு வளர்கிறது, இலையெல்லாம் கசப்பு, உரம் போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தில் குறையில்லை. செடி பூக்கத் தயாராகிவிட்டது, அவ்வளவுதான். சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் லெட்யூஸ் இலையை விட்டுவிட்டு விதைக்கு ஓடும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வடியும். கசப்பு அதில்தான் இருக்கிறது.

நுனியை நறுக்கினால் மறுபடி இளசாகும் என்று சிலர் சொல்வார்கள். நானும் நறுக்கிப் பார்த்தேன். பக்கக் கிளை வந்து அதுவும் கசந்தது. ஒரு செடியை விதைக்கு விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும், ஒன்றே போதும்.

அடுத்த முறை காலை வெயில் நாலைந்து மணி நேரம் படட்டும், மதியத்துக்கு மேல் நிழல். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இதற்குச் சுகமான சூடு. விதைப்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். மண் 30 டிகிரியைத் தாண்டினால் விதை முளைக்காமல் உறங்கிவிடும். ஈரத்துணியில் மடித்து 2, 3 நாள் ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல!) வைத்து எடுத்து விதையுங்கள். ஆழப் புதைக்காதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே மண்ணைச் சும்மா தூவினால் போதும்.

உருண்டை கட்டும் ரகம் வேண்டாம், உதிரி இலை ரகம் எடுங்கள். வெளி இலைகளை மட்டும் பறித்துக்கொண்டே இருக்கலாம். தொட்டி 15 செ.மீ. ஆழம் தாராளம். வேர் மேலாகவே ஓடுவதால் சீக்கிரம் காயும், தண்ணீரை மட்டும் மறக்காதீர்கள்.