பழைய அமெரிக்க கேப் ரிவால்வர் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ரிவால்வர் ஒன்று வாங்க ஆசை, அதில் அரியது எது, ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஒன்றுதான்: யாரும் தேய்க்காத, யாரும் "சரி செய்யாத" துப்பாக்கியைத் தேடுங்கள். எத்தனை தயாரித்தார்கள் என்ற எண்ணிக்கையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் வேலைக்காக அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தவன். நெடுஞ்சாலையில் போகும்போது தங்க நட்சத்திரங்கள் பதித்த நீல நிறக் கும்மட்டம் ஒன்று தெரியும், ஏதோ கோவிலோ தேவாலயமோ என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், சாமுவேல் கோல்ட்டின் துப்பாக்கித் தொழிற்சாலை என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பித்து பிடித்தது. 1864 பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலை பெரும் தீயில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

முதலில் இது என்ன வகை என்று சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு இன்றைய தோட்டா கிடையாது. குண்டு வைக்கும் அறைகள் உள்ள சுழலும் உருளைதான் சிலிண்டர், அதன் முன்பக்கம் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, பேரலுக்கு, அதாவது குண்டு வெளியேறும் குழலுக்கு, அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் இருக்கும் சிறு முளையில் ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும், அதுதான் கேப். சுத்தி அதன்மேல் விழுந்தால் உள்ளே இருக்கும் வெடிப்பொருள் பற்றி, தீப்பொறி மருந்துக்குப் போகும். கோல்ட் 1836இல் காப்புரிமை வாங்கினார், 1870களின் தொடக்கத்தில் இந்த வகையின் காலம் முடிந்துவிட்டது. இன்னும் சீக்கிரமே முடிந்திருக்கும், ஆனால் சிலிண்டரை முழுக்கத் துளைத்துப் பின்னாலிருந்து தோட்டா போடும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் வாங்கிய காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸன் கையில் இருந்ததால் மற்றவர்கள் 1869 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அது முடிந்ததும் ஏராளமான கேப் ரிவால்வர்களைத் தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள், அதனால் மாற்றப்படாமல் மிஞ்சியவற்றுக்குத் தனி மதிப்பு.

எல்லோரும் கனவு காண்பது கோல்ட்டின் 1847 ரகமான வாக்கர். மொத்தம் 1,100தான், அதில் 1,000 ராணுவத்துக்கு. கோல்ட்டிடம் அப்போது சொந்தத் தொழிற்சாலைகூட இல்லை, எலி விட்னியின் மகனுடைய பட்டறையில் செய்து வாங்கினார். இரண்டு கிலோவுக்கு மேல் கனம். சில சிலிண்டர்கள் வெடித்தே போயின. ஒரு டேனிஷ் கப்பல் தலைவருக்கு விற்ற வாக்கர் ஒன்று 2018 ஏலத்தில் 18.4 லட்சம் டாலருக்குப் போனது. மற்ற வாக்கர்களைவிட அதற்கு ஏன் அவ்வளவு என்றால், அது பெட்டியோடு, துணைக் கருவிகளோடு, யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாற்றோடு அப்படியே இருந்தது. நம்மால் அந்தப் பக்கமே போக முடியாது, ஆனால் அதே கணக்குதான் ஆயிரம் டாலர் துப்பாக்கிக்கும்.

நான் முதலில் வாங்கியது கோல்ட்டின் 1851 நேவி ரகம், ஒரு கண்காட்சி மேசையில், பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னியது, அந்த மினுக்கத்தில் மயங்கி 900 டாலர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, பேரலைப் பிடித்து வைத்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்துப் பேரலைக் கழற்றிப் பார்த்தால், பேரலில் ஒரு எண், ஃபிரேமில், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தில், ஒரு எண், சிலிண்டரில் வேறொன்று. மூன்று துப்பாக்கிகளின் உறுப்புகள்! நேவி சிலிண்டரில் ஒரு கடற்போர்க் காட்சி பதித்திருப்பார்கள், 1843 மே 16 அன்று டெக்சஸ் கடற்படை மெக்சிகோவோடு கம்பெச்சேயில் மோதிய காட்சி, ஆர்ம்ஸ்பி செதுக்கியது. என்னுடையதில் ஒரு பாய்மரம்கூட மிஞ்சவில்லை. யாரோ பஃபிங் சக்கரத்தில் வைத்துப் பழுப்போடு சேர்த்துக் கப்பல்களையும் தேய்த்துவிட்டார்கள். நூற்றைம்பது வருடம் தாங்கிய கோடுகள் ஒரு மத்தியானத்தில் போய்விட்டன என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதனால் கோல்ட் என்றால் பேரல், ஃபிரேம், ட்ரிக்கர் கார்டு, பிடியின் பின்பட்டை, சிலிண்டர், ஆப்பு எல்லாவற்றிலும் எண் பாருங்கள். ஆப்பு மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை, தொலையக்கூடிய சாமான் அது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மரப்பிடி உலோகத்தோடு சமமாகப் பொருந்துகிறதா, ராணுவத்துக்குப் போனதென்றால் பிடியில் ஆய்வாளர் முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். திருகு தலைகள் கிழிந்திருந்தால் பலர் கைவைத்த துப்பாக்கி.

உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் துப்பாக்கி என்று சொல்லி விற்பவற்றில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் என்ற பட்டறை கோல்ட் நேவியைப் பார்த்துச் செய்தது சுமார் 3,700, பித்தளை ஃபிரேம், அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர், அவர்கள் பெயர் எந்தத் துப்பாக்கியிலும் இல்லை. 1864 நவம்பரில் வடக்குப் படை அந்தப் பட்டறையை எரித்துவிட்டது. 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் கோல்ட் நகல்கள் வருகின்றன, பித்தளை ஃபிரேம் போட்டவையும் உண்டு, முத்திரையை அராவிவிட்டு அமிலத்தில் பழசாக்கி இதுதான் கிரிஸ்வோல்ட் என்று விற்கிறார்கள். உண்மையான கிரிஸ்வோல்டின் பேரல் பெரும்பகுதி உருண்டை, நகல்களில் பல எட்டுப்பட்டை. சிலிண்டரை முறுக்கிய இரும்பில் செய்ததால் சாய்வான முறுக்குக் கோடுகள் தெரியும், அதைப் போலி செய்வது சுலபமில்லை.

தொடங்குபவருக்கு நான் சொல்வது ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் ரிவால்வர். நியூயார்க் மாநிலத்தில் செய்த 5,000 துப்பாக்கிகள், 1865இல் ராணுவத்துக்கு வந்து சேர்வதற்குள் போர் முடியும் கட்டம், படைகளுக்குக் கொடுக்கவே இல்லை, கிடங்கில் கிடந்து 1901இல் பேனர்மேன் என்ற உபரி வியாபாரிக்குப் போயின. அதனாலேயே நல்ல நிலையில் இன்றும் கிடைக்கின்றன. போரைப் பார்த்த துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு இது பிடிக்காது, ஆனால் 1865இன் நீலப்பூச்சு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டம்: 1898 வரை செய்தவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்றை மறக்காதீர்கள், பரணில் இருந்து வருபவை சில சமயம் மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கும்படி வரும். கேப் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், பிறகு சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் மெல்லிய மரக்குச்சி விட்டு ஆழம் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் நீங்களே தோண்டாமல் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஹார்ட்ஃபோர்டு பக்கம் வர முடிந்தால் கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நுழைவு இலவசம், கோல்ட் தொழிற்சாலையே வைத்திருந்த துப்பாக்கிகள் அங்கே இருக்கின்றன. தேய்க்காத உலோகம் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் விற்பவரோடு விலை பேசுங்கள்.