படித்தது விடைத்தாளில் ஏறுவதற்கு: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கேள்வி பதில்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளின் வீட்டார் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்து, விடைத்தாள் திருத்தும் பணியிலும் இருந்த ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஒரு தாயார்): பாடத்தைக் கேட்டால் என் மகன் மளமளவென்று ஒப்பித்துவிடுகிறான். ஆனால் திருப்புதல் தேர்வில் அறிவியலில் 75க்கு 41தான் வாங்கியிருக்கிறான். எங்கே தவறுகிறது, ஐயா?

பதில்: திருத்தித் தந்த விடைத்தாளை வினாத்தாளுடன் சேர்த்து வைத்துப் பாருங்கள். தெரியாததால் போன மதிப்பெண்ணைவிட, கேட்டதை எழுதாததால் போன மதிப்பெண்ணே பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 'நிலைமத்தின் வகைகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக' என்ற வினாவையே எடுத்துக்கொள்வோம். நிலைமத்தின் வரையறையில் தொடங்கி, நியூட்டனின் முதல் விதியையும் முழுவதுமாக எழுதி, அரைப் பக்கம் கடந்த பின்பே வகைகளுக்கு வரும் பிள்ளைகள் பலர். வந்ததும் மூன்று பெயர்களை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். திருத்துபவர் கையிலிருக்கும் விடைக்குறிப்பு தேடுவதோ மூன்று வகைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டையும்தான். கிளையை உலுக்கினால் இலை உதிர்வது ஓய்வில் நிலைமம். நீளம் தாண்டுபவர் தாண்டுவதற்கு முன் ஓடி வருவது இயக்கத்தில் நிலைமம். வண்டி வளைவில் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்வது திசையில் நிலைமம். இவற்றைத் தனித்தனி பத்தியாக, துணைத்தலைப்பிட்டு எழுதினால் எட்டு வரியில் விடை முடிந்துவிடும்.

ஆகவே வினாவிலுள்ள ஏவல் சொல்லையும், எத்தனை கேட்கப்பட்டிருக்கிறது என்பதையும் முதலில் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். 'வேறுபடுத்துக' என்றால் அட்டவணை. 'காரணம் கூறுக' என்றால் காரணம் மட்டும், வரையறை வேண்டியதில்லை. ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதைக் குறைத்து, நாள்தோறும் இரண்டு வினாக்களுக்காவது கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இதற்கு மாற்று கிடையாது.

கேள்வி (ஒரு தந்தை): மகளுக்கு நேரம் போதவில்லை. கடைசி நெடுவினாவைத் தொடாமலே விட்டுவிடுகிறாள்.

பதில்: தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கினாலும் முதல் 10 நிமிடங்கள் வினாத்தாளை வாசிப்பதற்கும், அடுத்த 5 நிமிடங்கள் விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் உரியவை, 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். அறிவியலில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12க்கும் கால் மணி நேரம், இரண்டு மதிப்பெண் வினாக்கள் 7க்கும் அரை மணி, நான்கு மதிப்பெண் வினாக்கள் 7க்கும் ஒரு மணி, ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்றுக்கும் 55 நிமிடங்கள் என்று பிரித்துக்கொண்டால், சரிபார்க்க 20 நிமிடங்கள் மிஞ்சும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதுவதுதான் இத்தகைய பிள்ளைகளின் வழக்கமான நோய். தெரிந்ததையெல்லாம் எழுதினாலும் அங்கே இரண்டுக்கு மேல் கிடைக்கப் போவதில்லை.

எந்த வினாக்களை விடுவது என்பதை அந்த முதல் 10 நிமிடங்களிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அப்போது கட்டாய வினாக்களையும் குறித்துக்கொள்ளட்டும். அறிவியலில் 22, 32, கணிதத்தில் 28, 42 ஆகிய எண்களில் அவை வரும்.

கேள்வி (மாணவர் ஒருவர்): கணிதத்தில் விடை தவறாக வந்துவிட்டால் முழு மதிப்பெண்ணும் போய்விடுமா, ஐயா?

பதில்: போகாது, தம்பி. சூத்திரம், மதிப்பைப் பிரதியிடுதல், சுருக்குதல் என ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை பிசகிவிட்டது என்று முழுவதையும் அடித்துவிட்டால்தான் எல்லாம் போகும். 8 மதிப்பெண் வடிவியல் வினாவில் உதவிப்படத்தையும், வரைபட வினாவில் அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் எழுத மறக்காதீர்கள். மனக்கணக்காகப் போட்ட படி திருத்துபவருக்குத் தெரியாது.

கேள்வி (ஓர் அக்கா): தம்பியின் கையெழுத்து மோசம். வண்ணப் பேனா கொண்டு தலைப்பிட்டால் எடுப்பாக இருக்குமா?

பதில்: கூடாது. எழுதுவதற்கும் அடிக்கோடிடுவதற்கும் நீலம் அல்லது கருப்பு மை, படங்களுக்குப் பென்சில் என்று வினாத்தாளிலேயே அறிவுரை அச்சாகியிருக்கும். அழகான கையெழுத்து தேவையில்லை; சொற்களுக்கு இடையே இடைவெளியும், இடப்பக்க ஓரத்தில் தெளிவான வினா எண்ணும் இருந்தால் போதும். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுதட்டும்.

கேள்வி (ஒரு தாயார்): மகனுக்குக் கற்றல் குறைபாடு உள்ளது. வாயால் சொல்வதை எழுத முடியவில்லை.

பதில்: இதைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய முயன்று பிள்ளையை வருத்தாதீர்கள். இத்தகையோருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் உள்ளன. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுச்சீட்டு வரும்வரை காத்திராமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அவரைச் சந்தித்துவிடுங்கள். சலுகை கிடைத்த பின், பள்ளித் தேர்வுகளிலும் வேறொருவரிடம் சொல்லி எழுதவைக்கும் பயிற்சியைக் கேட்டுப் பெறுங்கள். எந்தச் சொல்லில் நிறுத்துவது, படத்தை எப்படி விவரிப்பது என்பதெல்லாம் பழகினால்தான் வரும்.