மான்கொம்புப் பெரணி: அந்தப் பழுப்பு இலையை உரிக்காதீர்கள்

மான்கொம்புப் பெரணியை, அதாவது ஸ்டாக்ஹார்ன் ஃபெர்னை, வீட்டுக்குள் வளர்க்கிறவர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அடியில் வட்டமாக ஒட்டியிருந்த இலை பழுப்பாகி, காகிதம் மாதிரி ஆகிவிட்டது. செடி சாகிறதா? வெட்டிவிடவா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள்! இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை உண்டு. கொம்பு மாதிரி கிளைத்து நீள்வது ஒன்று, அடியில் தட்டு போலப் படிந்து வேரை மூடிக்கொள்வது இன்னொன்று. தட்டு இலை பச்சையாக முளைத்து, கொஞ்ச காலத்தில் பழுப்பாவதுதான் இயல்பு. காட்டில் இது மரத்தில் ஒட்டி வாழ்கிறது, ஆனால் மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. மேலிருந்து விழும் சருகும் மழைநீரும் தட்டுக்குப் பின்னால் தேங்கி மட்க, அதிலிருந்துதான் வேர் சாப்பிடுகிறது. அழகுக்காக அதை உரித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். காகிதம் போன்ற பழுப்புக்குப் பயப்பட வேண்டாம். புது இலை முளைக்கும் நடுமொட்டு இருக்கும் இடத்தில் கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் மட்டும் அழுகல் என்று அர்த்தம், உடனே தண்ணீரை நிறுத்துங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

பதில்: நாள் கணக்கு வைத்தால் ஏமாந்துபோவீர்கள். வெயில், காற்று, செடியைப் பாசியோடு கட்டி மாட்டியிருக்கும் பலகையின் அளவு எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். பலகையோடு தூக்கிப் பாருங்கள். பாசி காய்ந்தால் எடை நன்றாகவே குறைந்திருக்கும், இரண்டு மூன்று முறை தூக்கினால் கைக்குப் பழகிவிடும். லேசாக இருந்தால் வேர்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் தண்ணீரில் முக்கி வைத்து, சொட்டுவது நின்றதும் திரும்ப மாட்டுங்கள். கொம்பு நுனி பழுப்பாகிக் காய்ந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை, இலை அடிப்பக்கம் கறுத்தால் அதிகம். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். வாட்டத்திலிருந்து இந்தச் செடி மீண்டுவிடும், அழுகலிலிருந்து மீள்வது கடினம்.

கேள்வி: இலை மேல் வெள்ளைத் தூசி. துணியால் துடைத்துவிட்டேன், சரிதானே?

பதில்: அது தூசியில்லை, நுண்ணிய ரோமம். ஈரம் வீணாகாமல் காப்பது அதுதான். துடைத்த இடத்தில் திரும்ப வராது, இனிமேல் தொடாமல் விடுங்கள்.

கேள்வி: வெளிச்சம்?

பதில்: நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் நேராகப் படக்கூடாது. ஜன்னல் இல்லாத குளியலறையில் ஈரம் இருந்தாலும் வளராது.

கேள்வி: வாழைப்பழத் தோலை தட்டுக்குப் பின்னால் செருகச் சொல்கிறார்களே?

பதில்: தோலில் பொட்டாசியம் உண்டு, ஆனால் இலை வளரத் தேவையான நைட்ரஜன் குறைவு. வீட்டுக்குள் என்றால் பழ ஈ மொய்க்கும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, தண்ணீரில் கரையும் சமச்சீர் உரத்தைப் பாதி அளவில் கொடுங்கள், அதுவே போதும்.

கேள்வி: ஐந்து வருடமாகியும் பக்கக் கன்றே வரவில்லை. அப்புறம், கொம்பின் அடிப்புறம் பழுப்பாகத் திட்டு வந்திருக்கிறது, நோயா?

பதில்: முதலில் இனத்தைப் பாருங்கள். பைஃபர்கேட்டம் என்ற இனம் கன்றுகளாகப் போட்டுத் தள்ளும். சூப்பர்பம், கிராண்டி இரண்டும் தனியாகவே வளர்கிறவை, எத்தனை வருடம் காத்திருந்தாலும் கன்று வராது. திட்டு வெல்வெட் மாதிரி சீராகப் படர்ந்திருந்தால் அது வித்துத்தூள் (விதைக்குப் பதில் பெரணி பரவ உதவும் தூள்), செடி முதிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள். தனித்தனிக் குமிழாக இருந்து, நகத்தால் நெம்பினால் கழன்று வந்தால் செதில் பூச்சி. கையாலேயே ஒவ்வொன்றாக எடுங்கள். எண்ணெய் கலந்த மருந்து அடித்தால் ரோமம் கெட்டுவிடும்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது, கடித்தால்?

பதில்: நஞ்சில்லாத செடிதான். பூனைக்கு ஒன்றும் ஆகாது, கொம்புதான் போகும். உயரமாக மாட்டுங்கள்.

கேள்வி: தொட்டியிலிருந்து பலகைக்கு மாற்றும்போது செம்புக் கம்பியால் கட்டலாமா?

பதில்: வேண்டாம், செம்பு பெரணிக்கு ஆகாது. தூண்டில் நரம்பு நல்லது. ஈரப்படுத்திய ஸ்பாக்னம் பாசியைப் பலகையில் குவித்து, செடியை வைத்து, நரம்பைத் தட்டு இலையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். நடுமொட்டின் மேல் மட்டும் படவே கூடாது. அடுத்த தட்டு இலை விரிந்ததும் நரம்பு தானாக மறைந்துவிடும்.