பக்கத்து வீட்டில் கேஸ் வெடித்த பிறகு: கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்

ஒரு வீட்டில் கேஸ் வெடித்தால் எல்லோர் கவனமும் அந்த வீட்டின் மேல்தான் இருக்கும். அது நியாயம்தான். ஆனால் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் இரவில் விரிசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சேதமான கட்டடங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

மூன்று வீடு தள்ளித்தான் வெடித்தது. ஆனால் எங்கள் சன்னல் கண்ணாடி எல்லாம் நொறுங்கிவிட்டது. சுவரும் பழுதாகியிருக்குமா?

கண்ணாடி உடைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சதுர மீட்டருக்கு 100, 200 கிலோ அளவு அழுத்தம் வந்தாலே சாதாரண சன்னல் கண்ணாடி போய்விடும். செங்கல் சுவரைத் தள்ள அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கண்ணாடியை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சுவரிலிருந்து நகர்ந்திருக்கிறதா? சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பியிருக்கிறதா? நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று பிடிக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

கீழ்வீட்டில் வெடித்தது, நாங்கள் மாடியில் இருக்கிறோம். தரை டைல்ஸ் சில இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது. கீழே சுவர் உச்சியில், தளத்தை ஒட்டி நீளமாக முடி போல ஒரு விரிசல். பூசிவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார்.

பூசாதீர்கள். எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடை இருக்கும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து இன்னும் 200 கிலோ தாங்கும்படி கணக்குப் போடுவது வழக்கம். இவை எல்லாம் கீழ்நோக்கி அழுத்தும் எடை. மூடிய அறையில் கேஸ் வெடிக்கும்போது அதைவிடப் பெரிய அழுத்தம் கீழேயிருந்து மேலே வரும். தளம் ஒரு நொடிகூட இல்லாத நேரத்துக்கு எழும்பி, மறுபடி உட்காரும். அந்த முடி விரிசல் அது எழும்பியதற்கான தடமாக இருக்கலாம்.

தளத்தின் நடுப்பகுதியில் கம்பி பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், ஏனென்றால் தளம் கீழ்நோக்கித்தான் வளையும் என்று எதிர்பார்த்துக் கட்டுகிறோம். மேல்நோக்கி வளைந்தால் மேல்பக்கம் பிளக்கும். அதனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட முடியாது. பாயைச் சுருட்டி, கட்டிலை நகர்த்தி, டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் அப்படித் தட்டிக்கொண்டே போனேன். ‘டக் டக்’ என்று கெட்டியாக வந்த சத்தம் அறை நடுவில் ‘டொக்’ என்று மாறியது. அந்த டைல்ஸை எடுத்தபோது சுவருக்குச் சுவர் ஒரே கோடாகப் பிளவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தூண் இல்லாமல் சுவரே மாடியைத் தாங்கும் வீட்டில், சுவரை அசையாமல் பிடித்திருப்பதே மேலே உள்ள எடைதான். தளம் எழும்பும் கணத்தில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. அதே கணத்தில் அழுத்தம் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் நடந்ததைச் சொன்னால் இது புரியும். 18-ஆம் மாடியில் அடுப்பைப் பற்றவைத்தபோது கேஸ் வெடித்து, மாடிகளைத் தாங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் சுவர்ப் பலகைகள் வெளியே போய்விட்டன. மேல்மாடிகளுக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. அவை விழுந்த பாரத்தில் கீழ்மாடிகளும் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலையே போய்விட்டது. நான்கு பேர் இறந்தார்கள். முக்கியமான தாங்கு உறுப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 3.5 டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்ற அளவு பிரிட்டனில் வந்தது அதற்கப்புறம்தான்.

உங்கள் வீட்டில் கீழ்ச்சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியாளர் வந்து தளத்துக்கு முட்டுக் கொடுத்து, ‘இருக்கலாம்’ என்று சொல்லும்வரை அங்கே தூங்க வேண்டாம்.

இந்த விரிசல் முன்பே இருந்ததா, வெடிப்பால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். புது விரிசலின் ஓரம் கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருக்கும். பழையதில் தூசி, ஒட்டடை, உள்ளே இறங்கிய பெயிண்ட் தெரியும். பழைய விரிசல் வெடிப்பில் நீண்டிருக்கவும் செய்யும். நடுவில் அழுக்கு, நுனியில் வெள்ளை என்றால் அதுதான் கதை.

வளர்கிறதா என்று பார்க்க, இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சின்னதாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பிவைத்தால், சுவர் அசைந்ததும் அது வெடித்துக் காட்டிக்கொடுக்கும். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். வெயிலுக்கும் சுவர் கொஞ்சம் விரிந்து சுருங்கும்.

எங்களுடையது தூண், பீம் போட்ட வீடு. இரண்டு சுவர் மொத்தமாக விழுந்துவிட்டது. இடிக்க வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். தூண்களுக்கு நடுவே அடைத்த சுவர் விழுந்ததால் அழுத்தம் வெளியேறி, தூண்கள் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பீமும் தூணும் சேரும் இடத்தில் சாய்வான விரிசலும், தூணின் நடுவில் குறுக்கு விரிசலும் இல்லையென்றால் சுவரை மட்டும் திரும்பக் கட்டினால் போதும் என்ற முடிவுக்கு வரலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது பொறியாளர்.

வெடித்த பிறகு தீயும் பரவியது. கரியைக் கழுவிப் பெயிண்ட் அடிக்கலாமா?

சோதனைக்கு முன் வேண்டாம். 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சில வகை ஜல்லி போட்ட கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். சூடு எவ்வளவு ஆழம் போனது என்பதை அந்த நிறமே எங்களுக்குச் சொல்லும். கம்பி 600 டிகிரி சூட்டில் இருக்கும்போது பாதி பலம்கூட இருக்காது. ஆறியதும் பெரும்பகுதி திரும்பினாலும், எந்த அளவுக்கு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டு கேஸை இப்போது திறக்கலாமா?

வேண்டாம். அதிர்ச்சியில் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம். கேஸ் நிறுவனத்து மெக்கானிக் கசிவுச் சோதனை செய்தபிறகு திறங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து சாக்கடைக் குழிக்குள் இறங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு மேலே ஏறும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே போய்ப் போன் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ்காரர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்கிறார்களே?

உயிருக்கு ஆபத்தானதைத் தொடலாம், தொடத்தான் வேண்டும். முதலில் போட்டோ: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. அப்புறம் முட்டுக் கொடுங்கள், உடைந்த சன்னலைத் தார்ப்பாயால் மூடுங்கள், ரசீதை எடுத்துவையுங்கள்.

பிள்ளைகள் வெளியேதான் விளையாடுகிறார்கள். அது பரவாயில்லையா?

சுவரோரம் வேண்டாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேட், தண்ணீர்த் தொட்டி, சட்டத்தில் தொங்கும் கண்ணாடித் துண்டு எல்லாம் அன்றைக்கு விழாமல் நாலு நாள் கழித்து ஒரு காற்றிலோ மழையிலோ விழும். வீட்டின் உயரத்துக்காவது இடம் விட்டு ஒரு கயிறு கட்டுங்கள். இன்றைக்கே கட்டிவிடுங்கள்.